நாரிப்பிடிப்பும் நெட்டி முறித்தலும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு ரெண்டு பேர் மெயில்ல விசாரிச்சிருந்தீங்க. சோம்பேறித்தனம் ஒரு காரணம்தான், இல்லேங்கல. ஆனா இந்தத் தடவை பெரிய காரணம் என் இடது கால்.

ஜனவரியில ஒரு ராத்திரி கொட்டின பனியைக் காலையில வாசல்ல வழிச்சுப் போட்டேன். (ஸ்கார்பரோவில பேஸ்மென்ட்ல குடியிருக்கிறவனுக்கு வாடகையோட சேர்ந்து வர்ற வேலை இது.) மூணாவது நாள் பிட்டத்துல ஆரம்பிச்சு, தொடைக்குப் பின்னால இறங்கி, கெண்டைக்காலுக்கு வெளிப்பக்கமா ஓடி, கால் பெருவிரல் வரைக்கும் ஒரு வலி. கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி. உட்கார்ந்தா வலி, தும்மினா உயிர் போகும். வேடிக்கை என்னன்னா இடுப்புல பெரிசா ஒண்ணும் இல்லை. கால்லதான் கோளாறுன்னு நானும் ஒரு வாரம் முழங்காலுக்குக் கீழே தைலம் தேச்சிட்டு இருந்தேன்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் படி ஏறுற அழகைப் பார்த்துட்டு, "தம்பி, உது கால் இல்லை. நாரிப்பிடிப்பு. கைரோபிராக்டரிட்ட ஒருக்காப் போயிட்டு வாங்கோவன்" அப்படின்னார். நாரின்னா அவங்க ஊர்ல இடுப்பு. பல்கலைக்கழக கிளினிக்ல இருந்த டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க. மல்லாக்கப் படுக்க வச்சு, முட்டி மடக்காம காலைத் தூக்கினாங்க. பாதி தூரத்துலயே நான் கத்திட்டேன். "சயாட்டிக்கா. கோளாறு முதுகெலும்புல, வலி கால்ல. நட, படுத்தே கிடக்காதே, ஆறு வாரம் பார்ப்போம்."

பொறுமை இல்லாம நான் ஒண்ணுக்கு ரெண்டு கைரோபிராக்டரைப் பார்த்தேன். முதல் ஆள் எடுத்த எடுப்புல எக்ஸ்ரே எடுத்தார். "உங்க முதுகெலும்பு வரிசையில இல்லை, 36 தடவை வரணும், பேக்கேஜ் போட்டா மலிவு, நோய் எதிர்ப்பு சக்தியும் கூடும்"னார். ரெண்டாவது ஆள் ஒரு பெண். குதிகால்ல நட, நுனிக்கால்ல நட, பெருவிரலை மேலே தூக்குன்னு அரை மணி நேரம் சோதிச்சாங்க. மூணு பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. "நாலு தடவைல பலன் தெரியலைன்னா என்கிட்ட காசைக் கொட்டாதே"ன்னாங்க. ரெண்டு பேர் கதவுலயும் டாக்டர்னுதான் போட்டிருந்தது. ஒரே போர்டுக்குப் பின்னாடி இப்படி ரெண்டு மனுஷங்க எப்படி?

இது என் பிரச்சினை மட்டும்னா விட்டிருப்பேன். அந்த வாரம் அப்பா போன்ல வந்தார். அப்பா திருநெல்வேலியில அரசு பஸ் டிரைவர், வயசு 56. அவருக்கும் இதே வலி, வலது கால்ல, ஏழு மாசமா. ஸ்கேன் எடுத்தாச்சு. ஜவ்வு விலகி நரம்பை அழுத்துது, ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. அப்பாவுக்குக் கத்தின்னா பயம். "யூட்யூப்ல பார்த்தேன்டா, முதுகைப் படார்னு முறிச்சு எழுப்பி நடக்க விடுறான். நீ இருக்கிற ஊர்லதான் அது பெரிய படிப்பாமே? விசாரிச்சுச் சொல்லு. நீ சொன்னா ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடுறேன்."

நீ சொன்னா. அதுக்கப்புறம்தான் ரோபார்ட்ஸ் நூலகத்துல போய் நின்னுகிட்டே படிக்க ஆரம்பிச்சேன். (உட்கார முடியாதே!) படிச்சதை இங்க கொட்டுறேன். நான் படிக்கிறது கல்வியியல், வைத்தியம் இல்லை. அதை மனசுல வச்சுக்கோங்க.

*

விஷயத்துக்கு வருவோம். கைரோபிராக்டிக் அமெரிக்கச் சரக்குன்னுதான் நினைச்சிருந்தேன். ஆனா ஆரம்பிச்ச ஆள் நம்ம ஒண்டாரியோக்காரர். டேனியல் டேவிட் பால்மர், 1845 மார்ச் 7ந்தேதி டொராண்டோவுக்குக் கிழக்கே பிக்கரிங் பக்கம் பிறந்தவர். வளர்ந்தது போர்ட் பெர்ரி பகுதியில. அங்க அவருக்குச் சிலையே வச்சிருக்காங்க. 1865ல, 20 வயசுல, தம்பியோட அமெரிக்கா கிளம்பிட்டார். அங்க வாத்தியார் வேலை, தேனீ வளர்ப்பு, மளிகைக்கடைன்னு பலதும் பார்த்துட்டு, 1880களில காந்த வைத்தியரானார். அதாவது கையைத் தடவி உடம்புக்குச் சக்தி ஏத்துறவர்.

1895 செப்டம்பர் 18. ஐயோவா மாநிலத்துல டேவன்போர்ட். பால்மர் ஆபீஸ் இருந்த கட்டடத்தைச் சுத்தம் பண்றவர் ஹார்வி லில்லார்ட்ங்கிற கறுப்பினத்தவர். 17 வருஷமா காது சரியாக் கேக்காது. குனிஞ்சு வேலை செய்யும்போது முதுகுல ஏதோ விட்டுப்போச்சு, அப்பலேருந்துதான்னு சொல்றார். பால்மர் தடவிப் பார்த்தா ஒரு முள்ளெலும்பு துருத்திக்கிட்டு இருக்கு. அதைக் கையால தள்ளுறார். காது கேட்டுடுச்சு! தொழில் பிறந்த கதை இதுதான். கேக்குற நரம்பு முதுகுத்தண்டு வழியாப் போறதே இல்லை, மூளையிலேருந்து நேரா காதுக்குப் போகுதுன்னு மருத்துவர்கள் அன்னிலேருந்து இன்னிவரை சொல்லிட்டே இருக்காங்க.

பால்மருக்கு அது போதுமானதா இருந்தது. கை, செயல்னு பொருள்படுற ரெண்டு கிரேக்கச் சொல்லைச் சேர்த்து, அவருக்குப் பழக்கமான ஒரு பாதிரியார் பேர் வச்சார். 1897ல பள்ளிக்கூடம். 1910ல வந்த அவரோட தடிப் புத்தகத்துல நோய்களில 100க்கு 95 எலும்பு விலகுறதால வர்றதுன்னு எழுதினார். கிருமியாவது, தடுப்பூசியாவது! 1906ல லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பார்த்தார்னு வழக்கு. அபராதம் கட்ட மாட்டேன்னு ஜெயிலுக்குப் போய், 23 நாள் இருந்துட்டு, பிறகு கட்டிட்டு வெளிய வந்தார். அதுக்குள்ள பள்ளிக்கூடம் மகன் பி.ஜே. பால்மர் கைக்குப் போயிடுச்சு. அப்பா ஒரு கிறுக்குன்னா மகன் வியாபாரி. தொழிலை நாடு முழுக்கப் பரப்பினது மகன்தான்.

*

இப்ப கால் வலிப் பக்கம் வருவோம். வலி இருக்கிற இடம் ஒண்ணு, கோளாறு இருக்கிற இடம் ஒண்ணுன்னு கண்டுபிடிக்க மனுஷனுக்கு எத்தனை காலம் ஆச்சுன்னு படிச்சப்பதான், ஒரு வாரம் முழங்காலுக்குத் தைலம் தேச்ச என் மேல கொஞ்சம் மரியாதை வந்தது :-)

ஆயுர்வேதத்துல இதுக்குப் பேர் கிருத்ரசி. கிருத்ரம்னா பிணந்தின்னிக் கழுகு. வலியில இழுத்து இழுத்து நடக்கிறது கழுகு நடை மாதிரி இருக்காம். எங்க வீட்டுப் படியில என்னைப் பார்த்தவங்க ஒத்துப்பாங்க. ஐரோப்பாவில ரொம்ப காலம் இதை இடுப்பு மூட்டு வாதம்னே நினைச்சாங்க. 1764ல நேப்பிள்ஸ்ல டொமினிக்கோ கொட்டூன்யோங்கிற மருத்துவர்தான், இது மூட்டு இல்லை, நரம்புன்னு பிரிச்சுக் காட்டிப் புத்தகம் எழுதினார்.

டாக்டரம்மா என் காலைத் தூக்கிக் கத்த வச்சாங்களே, அந்தச் சோதனைக்கு பிரெஞ்சு மருத்துவர் லசேக் பேரைச் சொல்றாங்க. அவரோட மாணவர் அதை எழுதினது 1881ல. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1880ல, பெல்கிரேடில லாசா லசாரெவிச்ங்கிறவர் எழுதிட்டார். இந்த லசாரெவிச் செர்பிய மொழியோட பெரிய சிறுகதை எழுத்தாளரும்கூட. வைத்தியம் பார்த்துகிட்டே கதை எழுதினவர். நம்ம பதிவுலக டாக்டர்கள் கவனிக்க.

நரம்புன்னு தெரிஞ்சது. நரம்பை அழுத்துறது எது? அதுக்கு 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதுகெலும்புல ஆபரேஷன் பண்ணி, தண்டுவடத்துப் பக்கத்துல இருந்து வெட்டி எடுத்த துணுக்கையெல்லாம் கட்டின்னு சொல்லி ஜாடியில போட்டு வச்சிருந்தாங்க. பாஸ்டன்ல வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார்னு ரெண்டு மருத்துவர்கள் அந்தத் துணுக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தாங்க. பல துணுக்குகள் கட்டியே இல்லை. ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் கிழிஞ்சு, உள்ளே இருந்த கூழ் வெளிய பிதுங்கினது. நாம ஜவ்வு விலகிடுச்சுன்னு சொல்றோம். அது விலகுறதும் இல்லை, வழுக்குறதும் இல்லை. பன்னை அமுக்கினா ஜாம் வர்ற மாதிரி பிதுங்குது. பிதுங்கினது நரம்பு வேரைத் தொட்டு அழுத்துது, ரணப்படுத்துது. அந்த நரம்பு எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் வலி.

1895ல பால்மர் சொன்னதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. முதுகுத்தண்டுல ஏதோ நரம்பை அழுத்துது, வேற இடத்துல நோய் தெரியுதுன்னார். காதுக்கும் காய்ச்சலுக்கும் அது தப்பு. ஆனா என் காலுக்கும் எங்கப்பா காலுக்கும் கிட்டத்தட்ட சரி! அழுத்துறது இடம் மாறின எலும்பு இல்லை, பிதுங்கின டிஸ்க். அதைக் கையால உள்ளே தள்ள முடியாது. இருந்தாலும் அந்தக் காலத்து டாக்டர் பல பேருக்கு இந்த வலிக்குக் காரணமே தெரியாது. படுத்துக் கிடன்னு அனுப்பிட்டாங்க. அங்க போய் ஏமாந்தவங்க, கை வச்சுப் பார்க்கிற ஆள்கிட்ட வந்தாங்க. தத்துவம் ஊரை ஏமாத்துற மாதிரி இருந்தாலும் வாசல்ல வந்து நின்ன கூட்டம் முதுகு வலிக் கூட்டம்.

*

ஒண்டாரியோவில இதை என்ன பண்றதுன்னு அரசாங்கம் நூறு வருஷமா மண்டையை உடைச்சிருக்கு. 1915ல நீதிபதி பிராங்க் ஹாட்ஜின்ஸ் தலைமையில மருத்துவக் கல்வி பத்தி ஒரு விசாரணைக் கமிஷன். கைரோபிராக்டர்களையும் கூப்பிட்டு விசாரிச்சார். நோயைக் கண்டறியிற முறையையே வேண்டாம்னு சொல்றவங்களை மருத்துவத்துக்குள்ள எப்படிச் சேர்க்கிறதுன்னு கையை விரிச்சுட்டார். இருந்தாலும் 1925ல ஒரு சட்டம் வந்தது. மருந்தில்லா வைத்தியர்கள்னு ஒரு பட்டியல் போட்டு, மசாஜ் பண்றவங்க, இயற்கை வைத்தியர்களோட இவங்களையும் பதிவு பண்ண விட்டாங்க. சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்லாம ஒரு மூலையில உட்கார வச்ச மாதிரி.

1945ல டொராண்டோவில கல்லூரி. பேர் கனடியன் மெமோரியல் கைரோபிராக்டிக் காலேஜ். மெமோரியல்ங்கிறது இந்த மண்ணுல பிறந்த பால்மர் நினைவா. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு திரும்பின சிப்பாய்கள் நிறைய பேர் சேர்ந்தாங்க. விலாசம், புளூர் தெரு மேற்கு 252. இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இன்னிக்கு அந்த விலாசத்துல இருக்கிறது எங்க கல்வியியல் நிறுவனம். வகுப்புல உட்கார முடியாம நான் நெளியிற அதே இடத்துலதான் ஒரு தலைமுறை நெட்டி முறிக்கக் கத்துகிட்டிருக்கு! கல்லூரி 1968ல பேவ்யூ அவென்யூவுக்கும் 2004ல லெஸ்லி தெருவுக்கும் போயிடுச்சு.

1970ல மாகாண மருத்துவக் காப்பீடான ஓஹிப் கைரோபிராக்டருக்கும் கொஞ்சம் பணம் கொடுக்க ஆரம்பிச்சது. அமெரிக்காவிலயோ சண்டை. அங்க மருத்துவர் சங்கம் 1963ல போலி வைத்திய ஒழிப்புக் குழுவே போட்டு இவங்களை ஒழிக்கப் பார்த்தது. 1976ல சில கைரோபிராக்டர்கள் வழக்குப் போட்டு, 1987ல ஜெயிச்சாங்க. அந்தத் தீர்ப்பு வைத்தியம் பலிக்குதா இல்லையாங்கிறதைப் பத்தி இல்லை. தொழில் போட்டியைச் சட்டவிரோதமா நசுக்கினீங்கன்னுதான் தீர்ப்பு. 1991ல ஒண்டாரியோவில தனிச் சட்டம். முதுகெலும்பு மூட்டை அதோட வழக்கமான எல்லையைத் தாண்டி வேகமாத் தள்ளுறது, குறிப்பிட்ட தொழில்காரங்க மட்டும் செய்யலாம்னு ஆச்சு. டாக்டர்னு போட்டுக்கவும் அனுமதி.

அடுத்து அடி. இங்கத்து யார்க் பல்கலைக்கழகத்தோட கல்லூரியை இணைக்க 1990களின் பிற்பகுதியில பேச்சு நடந்தது. அறிவியல் பேராசிரியர்கள் கடுமையா எதிர்க்க, 2001ல அது முடிஞ்சு போச்சு. 2004 டிசம்பர்ல ஓஹிப்பும் பணத்தை நிறுத்திடுச்சு. அன்னிலேருந்து கைக்காசு, இல்லேன்னா வேலையிடத்து இன்சூரன்ஸ்.

என் ரெண்டு டாக்டர் கேள்விக்குப் பதில் எனக்கு இங்கதான் கிடைச்சது. சட்டம் இந்தத் தொழிலுக்கு எல்லை போட்டது, பேர் கொடுத்தது. ஆனா பால்மரோட 95ஐ விடு, முதுகையும் கழுத்தையும் மட்டும் பாருன்னு யாரும் கட்டாயப்படுத்தல. பாதிப் பேர் தானாவே விட்டுட்டு, சோதிச்சுப் பார்க்கிற வைத்தியத்துக்கு வந்துட்டாங்க. மீதிப் பேர் விடல. அந்த 36 தடவைக்காரர் 1910லயே நிக்கிறார். போர்டு மட்டும் பொது.

*

சரி, அந்தப் "படார்" என்ன? எலும்பு இடத்துல போய் உட்கார்ற சத்தம்னு நினைக்கிறோம். இல்லை. மூட்டைச் சட்டுன்னு இழுக்கும்போது உள்ளே இருக்கிற திரவத்துல வாயுக் குழி உண்டாகிற சத்தம். 2015ல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல விரலை இழுத்து நெட்டி முறிய வச்சு எம்ஆர்ஐல படமே பிடிச்சிருக்காங்க.

பலன் உண்டா? 2006ல இத்தாலியில டிஸ்க் பிதுங்கி வலி வந்த 102 பேரை வச்சு ஒரு சோதனை. உண்மையாவே முறிச்சவங்கள்ல, பாசாங்கா முறிச்சவங்களை விட அதிகம் பேருக்குக் கால் வலி நின்னது. 2014ல மினசோட்டாவிலயும் ஐயோவாவிலயும் 192 பேரை வச்சு இன்னொண்ணு. வீட்டுப் பயிற்சியோட முறிக்கிறதும் சேர்ந்தா 12 வாரத்துல கால் வலி கொஞ்சம் அதிகமாக் குறையுது. ஒரு வருஷத்துல அந்த வித்தியாசம் மங்கிடுது. ஆபத்தும் பேசணும். கழுத்தை முறிக்கிறதுல ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வரலாம்ங்கிறது பழைய பயம். 1996ல டொராண்டோவில ஒரு பெண்மணி இறந்து, நீண்ட விசாரணைக்குப் பிறகு 2004ல ஜூரி விபத்துன்னு சொன்னது. 2008ல ஒண்டாரியோவோட 818 பக்கவாதக் கேஸ்களை ஆராய்ஞ்சப்ப, கழுத்து வலிக்காக சாதாரண டாக்டரைப் பார்த்தவங்களுக்கும் அதே தொடர்பு தெரிஞ்சது. குழாய் ஏற்கனவே கிழிஞ்ச வலியோடதான் போறாங்களோன்னு ஒரு விளக்கம். விவாதம் இன்னும் முடியல. நான் கழுத்தைக் கொடுக்க மாட்டேன்.

இது வரைக்கும் படிச்சப்ப அப்பாவுக்கு நல்ல சேதி சொல்லலாம்னுதான் இருந்தேன். சயாட்டிக்காவில பெரும்பாலானவங்களுக்குச் சில வாரம், சில மாசத்துல தானாவே சரியாகுது. பிதுங்கின துணுக்கை உடம்பே கரைச்சுடுறதும் உண்டு. 2007ல வந்த நெதர்லாந்து ஆய்வுல 283 பேர். உடனே ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வலி சீக்கிரம் போச்சு, ஆனா ஒரு வருஷத்துல ரெண்டு கூட்டமும் ஒண்ணாத்தான் நின்னது. அப்பா, பொறுத்துப் பாருங்கன்னு சொல்லிடலாமில்ல?

அப்பதான் 2020ல வந்த இன்னொண்ணு கண்ணுல பட்டது. இதே ஒண்டாரியோவில, லண்டன்ங்கிற ஊர்ல நடந்தது. இதுல சேர்த்தவங்க எல்லாம் நாலு மாசத்துலேருந்து பன்னிரண்டு மாசம் வரை வலியோட இருந்தவங்க. மொத்தம் 128 பேர். ஆறு மாசம் கழிச்சு 10க்கு எத்தனை வலின்னு கேட்டா, ஆபரேஷன் பக்கம் 2.8, பயிற்சி ஊசின்னு மத்த வைத்தியப் பக்கம் 5.2. ஆறு வாரக்காரனுக்கு ஒரு கணக்கு, ஏழு மாசக்காரருக்கு வேற கணக்கு. என் கணக்கை அப்பாவுக்குப் போட இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணினேன். குதிகால்ல நடக்கச் சொன்னேன். போனைத் தரையில வச்சுட்டு நடந்தார். வலது பாதம் தரையில தட்டுற சத்தம் எனக்கே கேட்டுது. "அது ஒரு மாசமாவே அப்படித்தான்டா, செருப்பு கழண்டு விழுது"ன்னார், சாதாரணமா. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. முறிக்கிற வைத்தியம் வேண்டாம்பா, பாதம் தூக்க முடியலைங்கிறதை நாளைக்கே டாக்டர்கிட்டச் சொல்லுங்கன்னேன். ஒண்ணுக்குப் போறதுல சிரமமோ, தொடையிடுக்குல மரத்துப் போறதோ வந்தா நாளைக்குன்னு கூட வைக்காம அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னும் சொன்னேன். (இது உங்களுக்கும்தான், மக்களே.)

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப ஆச்சி மிதிச்சதெல்லாம்?"னு கேட்டார். எங்க ஊர்ல ஒரு ஆச்சி இருந்தா. பிறக்கும்போது கால் முதல்ல வந்தவளாம். அப்படிப்பட்டவங்க மிதிச்சா இடுப்புப் பிடிப்பு விட்டுடும்னு நம்பிக்கை. அப்பா லாரி ஓட்டின காலத்துல அவகிட்ட குப்புறப் படுத்தவர். "ஆச்சி பிடிப்புக்குத்தானப்பா மிதிச்சா. காது கேக்க வைக்கிறேன்னு சொல்லலையே"ன்னேன். சிரிச்சார். புதன்கிழமை டாக்டர்கிட்டப் போறார். அம்மா கூடப் போறாங்க.

என் கால் இப்ப ஒன்பதாவது வாரம். வலி பெருவிரலை விட்டு ஏறி, பிட்டத்தோட நிக்குது. அந்த ரெண்டாவது டாக்டர்கிட்ட மூணு தடவை போனேன். அவங்க கையாலயா, நடந்ததாலயா, நாளாலயான்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல. பனி வழிக்கிற வேலையை வீட்டுக்காரர் தன் மகன்கிட்டக் கொடுத்துட்டார்.

உங்க ஊர்ல இந்த வலிக்கு என்ன பேர், யார் மிதிப்பாங்க, யார் வழிப்பாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. புதன்கிழமை சேதி தெரிஞ்சதும் நானும் எழுதுறேன்.